மழைக்காலத்தில் முடிக்க வேண்டிய அப்டேட்: வானப்படக் கேமராவும் கைடிங்கும்

வானப்பட மென்பொருள்கள் பலவும் திறந்தவுடன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்கும். நாம் அவற்றைத் திறப்பதோ வானம் தெளிந்த மாலைகளில். அதனால் ‘புதிய பதிப்பு தயார்’ என்ற சிறு சாளரம் பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய, மேகமில்லாத, இருட்டத் தொடங்கும் வேளையில்தான் கண்ணில் படுகிறது. அந்த நேரத்தில் அதை மூடிவிட வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அப்டேட் வேலைக்கென்றே அமைந்ததுபோல் ஒரு பருவம் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வானம் பல வாரங்கள் மூடிக்கிடக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நல்ல இரவுகள் அதற்குப் பின்னால் வருகின்றன. கருவியைப் பிரித்துப் பார்க்கவும், கெட்டால் பொறுமையாகச் சரிசெய்யவும் அந்த மழை வாரங்களை விட்டால் ஆண்டு முழுவதும் வேறு நேரம் அமையாது.

கேமரா மென்பொருளை மாற்றுவது கருவியையே மாற்றுவதற்குச் சமம். லென்ஸை மாற்றினால் புதிய ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுத்து, படத்தின் ஓர இருளைத் திருத்தும் படம்) எடுக்கிறோம். டிரைவரை (கணினி கேமராவோடு பேச உதவும் நிரல்) மாற்றியபின் பழைய டார்க்கையே (மூடியைப் போட்டு எடுத்து, சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிக்கும் படம்) நம்பிக்கொண்டிருக்கிறோம். சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இனி வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். 400 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கி. அதன் பின்னால் சோனி ஐஎம்எக்ஸ்571 சென்சார் கொண்ட, குளிரூட்டப்பட்ட வண்ணக் கேமரா. பக்கத்தில் 120 மி.மீ. குவியத் தூரமுள்ள சின்ன கைடு ஸ்கோப், அதில் 3.75 மைக்ரான் பிக்ஸல் கொண்ட கைடு கேமரா. அது ஒரு விண்மீனைத் தொடர்ந்து கவனிக்க, தொலைநோக்கியைச் சுழற்றும் மவுண்டின் சிறு பிழைகள் திருத்தப்படுகின்றன; அதுவே கைடிங். மவுண்டின் மேல் ஒரு விண்டோஸ் மினி கணினி. அதில் கருவிகளை மென்பொருளோடு இணைக்கும் பொது இடைமுகமான ஆஸ்காம், படமெடுக்க நினா, கைடிங்குக்கு பிஹெச்டி2. இங்கே பரவலாகப் புழங்கும் அமைப்பு இதுதான்.

‘டிரைவர்’ என்று ஒன்றில்லை

‘டிரைவரை அப்டேட் செய்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை’ என்ற குறை அடிக்கடி கேட்கக் கிடைக்கும். கேமராவுக்கும் திரைக்கும் நடுவில் குறைந்தது நான்கு அடுக்குகள் இருக்கின்றன. கேமராவுக்குள்ளேயே எழுதப்பட்ட ஃபர்ம்வேர் முதல் அடுக்கு. விண்டோஸ் அந்த யூஎஸ்பி கருவியை அடையாளம் காண வைக்கும் சிஸ்டம் டிரைவர் அடுத்தது. கெயின் (சமிக்ஞைப் பெருக்கம்), எக்ஸ்போஷர், குளிரூட்டல் போன்ற கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் தயாரிப்பாளரின் எஸ்டிகே நூலகம் மூன்றாவது. அதை எல்லா மென்பொருளுக்கும் பொதுவான மொழியில் பேச வைக்கும் ஆஸ்காம் டிரைவர் நான்காவது.

நினாவிலும் பிஹெச்டி2-விலும் ஒரே கேமராவை இரண்டு வழிகளில் இணைக்கலாம். ஆஸ்காம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது ஒரு வழி, கேமராவின் சொந்தப் பெயரில் நேரடியாக இணைப்பது மற்றொன்று. நேரடி இணைப்பில் மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த எஸ்டிகே நூலகத்தைப் பயன்படுத்தும். எனவே ஆஸ்காம் டிரைவரைப் புதுப்பித்தாலும் நேரடியாக இணைப்பவருக்கு எதுவும் மாறாது. நினாவையே புதுப்பித்தால், டிரைவரைத் தொடாமலே எஸ்டிகே மாறிவிடலாம். எந்த அடுக்கில் எந்தப் பதிப்பு இருக்கிறது, எந்த வழியில் இணைக்கிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். கால் மணி நேர வேலைதான். பின்னால் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி அதிலேயே தீரும்.

அப்டேட் தேவைதானா என்பதற்கு வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க வேண்டும். நமக்கு இருக்கும் ஒரு பிழை சரிசெய்யப்பட்டிருந்தால் செய்யலாம். நம் கருவி மாதிரியின் பெயர் அதில் இருந்தால் கவனமாகப் படித்துவிட்டுச் செய்யலாம். புதிய கேமரா மாதிரிக்கு ஆதரவு சேர்த்தது மட்டும்தான் மாற்றம் என்றால் விட்டுவிடலாம். ஃபர்ம்வேரை மட்டும், தயாரிப்பாளர் நம் மாதிரிக்கும் நம் சிக்கலுக்கும் என்று தெளிவாகச் சொன்னால் தவிர தொடக்கூடாது. அதில் திரும்பி வரும் வழி பெரும்பாலும் இருக்காது. செய்யத்தான் வேண்டும் என்றால் ஹப் இல்லாமல், குட்டையான கேபிளில், கணினியோடு நேரடியாக இணைத்து, மின்தடை வராத ஏற்பாட்டோடு செய்யுங்கள்.

தொடுவதற்கு முன்

கணினியின் வட்டை முழுதாக ஒரு வெளி எஸ்எஸ்டியில் இமேஜ் எடுத்து வைப்பதே உறுதியான காப்பு. விண்டோஸின் ரீஸ்டோர் பாயிண்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நினாவின் புரொஃபைல்கள் பயனர் கணக்கின் லோக்கல் ஆப்டேட்டா அடைவுக்குள் நினா என்ற அடைவில் இருக்கின்றன. அந்த அடைவை அப்படியே நகலெடுக்கலாம். பிஹெச்டி2 தன் அமைப்புகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. கோப்புகளைத் தேடி நகலெடுத்தால் அது கிடைக்காது. புரொஃபைல் மேலாண்மைப் பட்டியலில் உள்ள ஏற்றுமதி வழியாகவே எடுக்க வேண்டும். ஆஸ்காம் டிரைவர்களின் மதிப்புகளை (மவுண்டின் காம் போர்ட் எண், கைடு வேகம், கேமரா ஒவ்வொரு பிக்ஸலிலும் கூட்டும் அடிப்படை மதிப்பான ஆஃப்செட், யூஎஸ்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும் யூஎஸ்பி அளவு) அமைப்புச் சாளரம் ஒவ்வொன்றையும் திறந்து கைப்பேசியில் படம் பிடித்து வைத்துவிடுங்கள். மிக எளிய வேலை, மிகவும் உதவும்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்புகளின் நிறுவல் கோப்புகள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தயாரிப்பாளர் தளங்களில் பெரும்பாலும் கடைசிப் பதிப்பு மட்டுமே கிடைக்கும். பழையதைத் தேடும் நாளில் அது அங்கே இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒப்பீட்டுப் படங்கள். பழைய மென்பொருளிலேயே, வழக்கமான கெயின், ஆஃப்செட், வெப்பநிலையில் 20 பயாஸ் (மூடியோடு மிகக் குறுகிய நேரத்தில் எடுக்கும் படம்), 300 விநாடி டார்க் 5, ஒரே வெளிச்சத்தில் ஃபிளாட் 5 எடுங்கள். ஒரு ஜன்னலையோ தெருவிளக்கையோ நோக்கி, மேல்கீழ் தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது கீழே வரும்.

வெப்பநிலை பற்றி ஒரு சொல். இந்த வகைக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 35 பாகை வரை குளிர்விக்கும். 30 பாகைக் கடலோர இரவில் மைனஸ் 10 கேட்டால் கூலர் 100 விழுக்காட்டில் முட்டிக்கொண்டு நிற்கும், வெப்பநிலை அலைபாயும். 0 பாகையில் நிறுத்துவதே நம் ஊருக்குச் சரி. பகலில் டார்க் எடுத்தாலும் எட்டக்கூடிய எண் அது.

நிறுவும் வரிசை

கேமராவையும் மவுண்டையும் கழற்றிவிட்டு, ஆஸ்காம் பிளாட்ஃபார்ம், பிறகு சிஸ்டம் டிரைவர், பிறகு ஆஸ்காம் டிரைவர், கடைசியில் நினாவும் பிஹெச்டி2-வும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒரு அடுக்கை மாற்றி, சோதித்து, பிறகு அடுத்ததற்குப் போவது நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் படம் வரவில்லை என்றால், எதைத் திருப்பி வைப்பது என்றே தெரியாது.

பலரும் தடுக்கி விழும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, 32 பிட், 64 பிட் பொருத்தம். டிஎல்எல் வடிவில் வரும் 32 பிட் ஆஸ்காம் டிரைவரை 64 பிட் நினா ஏற்றிக்கொள்ளாது. தனி எக்ஸிகியூட்டபிளாக ஓடும் டிரைவர்களுக்கு அந்தத் தடை இல்லை. 32 பிட் மென்பொருளிலிருந்து 64 பிட்டுக்கு மாறியவுடன் பழைய ஃபோகஸர் (குவியத்தைச் சரிசெய்யும் கருவி) டிரைவர் ‘காணாமல் போவது’ இதனால்தான். இரண்டு, நிர்வாகி அனுமதி. மவுண்டின் டிரைவரை நினாவும் பிஹெச்டி2-வும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்து மற்றொன்றைச் சாதாரணமாகத் திறந்தால் விண்டோஸ் அந்தப் பகிர்வை அனுமதிக்காது, ஒன்றில் மவுண்ட் இணையவே இணையாது. அப்டேட் முடிந்ததும் நிறுவியே மென்பொருளைத் திறந்துவிடும்போது அது நிர்வாகி அனுமதியோடு திறந்திருக்க வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் மூடி, சாதாரணமாக மறுபடி திறந்துவிட்டுச் சோதியுங்கள்.

மவுண்டுக்கு யூஎஸ்பி-சீரியல் கேபிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் செருகினாலே காம் போர்ட் எண் மாறக்கூடும். பழைய புரோலிஃபிக் சிப் உள்ள கேபிள்கள் விண்டோஸ் புதிய டிரைவரை ஏற்றியபின் வேலை செய்வதை நிறுத்திவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப் 2012-லேயே கைவிடப்பட்டது என்ற அறிவிப்பே தெரியும். அதற்குப் பழைய டிரைவரைத் தேடி அலைவதைவிட எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்றை வாங்கிவிடலாம்.

மூடியைப் போட்டுக்கொண்டு செய்யும் சோதனை

இதற்கு வானம் தேவையில்லை. பகலில் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

முதலில் பயாஸ். அதே கெயின், அதே ஆஃப்செட், 20 படம். பழையவற்றின் மீடியனையும் (நடு மதிப்பு) புதியவற்றின் மீடியனையும் ஒப்பிடுங்கள். சில அலகு வித்தியாசம் இயல்பு. பழையது 500 காட்டிய இடத்தில் புதியது 300 காட்டினால் ஆஃப்செட்டின் தொடக்க மதிப்பு மாறியிருக்கிறது, அல்லது ஆஃப்செட்டின் ஓர் அலகு இப்போது வேறு அளவைக் குறிக்கிறது. இதைக் கவனிக்காமல் பல டார்க்குகளைச் சேர்த்து உருவாக்கிய பழைய மாஸ்டர் டார்க்கைப் புதிய படத்திலிருந்து கழித்தால் பின்னணி சுழியத்துக்குக் கீழே போய் வெட்டுப்படும். மங்கலான நெபுலாவின் ஓரங்கள் அங்கேயே தொலைந்துபோகும். ஃபிளாட்டும் சரியாகத் திருத்தாது; ஓரங்கள் அளவுக்கு மீறி வெளுக்கும் அல்லது கறுத்தே இருக்கும். ‘ஃபிளாட் சரியில்லை’ என்று மறுபடி மறுபடி ஃபிளாட் எடுப்பவர்கள் முதலில் ஆஃப்செட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஃபிட்ஸ் தலைப்பு, அதாவது வானப்படக் கோப்பின் தொடக்கத்தில் பதிவாகும் விவரங்கள். பழைய கோப்பு ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கெயின், ஆஃப்செட், சென்சார் வெப்பநிலை, பேயர் அமைப்பு (சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் அடுக்கப்பட்ட முறை), வரிசை ஒழுங்கு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். வரிசை ஒழுங்கு என்பது படத்தின் முதல் வரி மேலிருந்து தொடங்குகிறதா கீழிருந்தா என்பது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது படம் தலைகீழாக எழுதப்படலாம். ஜன்னல் படம் அதைக் காட்டிக்கொடுக்கும். வண்ணக் கேமராவில் ஆர்ஜிஜிபி அமைப்பைத் தலைகீழாக்கினால் அது ஜிபிஆர்ஜி ஆகிவிடும். தவறாகப் பிரித்த படத்தில் பச்சையும் கருஞ்சிவப்பும் இடம் மாறும். பெரிதாக்கிப் பார்த்தால் சதுரங்கப் பலகைபோல் கட்டம் தெரியும். பழைய டார்க்கும் அப்போது பொருந்தாது. சூடான பிக்ஸல்கள் வெள்ளைப் புள்ளியாக அப்படியே நிற்க, படத்தின் நடுக்கோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே தூரத்தில் கருப்புப் புள்ளி விழும். அந்த இரட்டைப் புள்ளிகளைக் கண்டால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு வேகமும் நிலைத்தன்மையும். ஐஎம்எக்ஸ்571-இன் முழுப்படம் 6248-க்கு 4176 பிக்ஸல், பிக்ஸலுக்கு 2 பைட். ஆக ஒரு படம் 52 எம்பி. யூஎஸ்பி 3-இல் அது சட்டென்று இறங்கிவிடும். இணைப்பு யூஎஸ்பி 2-க்கு நழுவியிருந்தால், நொடிக்கு 40 எம்பி என்று நல்லபடியாக வைத்துக்கொண்டாலும் 1.3 விநாடிக்குக் குறையாது. நடைமுறையில் இன்னும் இழுக்கும். முதன்மைக் கேமராவையும் கைடு கேமராவையும் ஒன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். கைடு கேமரா 1 விநாடி எக்ஸ்போஷரில் தொடர்ந்து, முதன்மைக் கேமரா 10 விநாடியில் 200 படம். மொத்தம் சுமார் 35 நிமிடம். ஒரு படம்கூட விடுபடக்கூடாது. விடுபட்டால் கேமராவின் யூஎஸ்பி அளவுக் கட்டுப்பாட்டைக் குறைத்துப் பார்க்கலாம், இரண்டு கேமராவையும் கணினியின் வெவ்வேறு துளைகளுக்கு மாற்றலாம். புதிய டிரைவரைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபிளை ஒரு முறை மாற்றிப் பாருங்கள். 3 மீட்டருக்கு மேல் நீண்ட யூஎஸ்பி 3 கேபிள்தான் பல நேரம் காரணமாக இருக்கிறது.

விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு மின்சேமிப்பு அமைப்புகளையும் பாருங்கள். யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் மறுபடி இயங்கியிருந்தால் நள்ளிரவில் கேமரா தூங்கிப்போகும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்து வையுங்கள். தானாக மறுதொடக்கம் ஆவதைத் தடுக்க ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ மாலை 4 முதல் காலை 8 வரை என்று வைக்கலாம். அது 18 மணி நேரம் வரை ஏற்கும். படமெடுக்கும் மாதங்களில் அப்டேட்டை 5 வாரம் வரை நிறுத்தி வைக்கவும் முடியும்.

கைடிங்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

கைடிங்கில் பிக்ஸலும் விகலையும் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) எப்படித் தொடர்புறுகின்றன என்ற கணக்கு தெரிந்தால் மற்றவை எளிது. பிக்ஸல் அளவை 206.265-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். நம் கைடு அமைப்பில் 3.75 மைக்ரான், 120 மி.மீ. என்றால் பிக்ஸலுக்கு 6.45 விகலை. முதன்மைக் கேமராவின் 3.76 மைக்ரான், 400 மி.மீ.க்கு 1.94 விகலை. ஒரு கைடு பிக்ஸல் மூன்றுக்கும் மேற்பட்ட முதன்மைப் பிக்ஸல்களுக்குச் சமம்.

அப்டேட்டுக்குப் பின் நினாவில் புதிய புரொஃபைல் உருவாகியிருந்தால், டிதர் (படங்களுக்கு இடையே தொலைநோக்கியைச் சற்றே நகர்த்துவது) முடிந்தபின் விண்மீன் நிலைகொண்டதா என்று பார்க்கும் எல்லை 1.5 பிக்ஸல் என்ற தொடக்க மதிப்பில் இருக்கும். அது கைடு பிக்ஸல் கணக்கு. நம் அமைப்பில் அது 9.7 விகலை, முதன்மைப் படத்தில் 5 பிக்ஸல். கைடர் ‘நிலைகொண்டது’ என்று சொல்லும்போது விண்மீன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டிதருக்கும் அடுத்த படத்தில் விண்மீன்கள் நீண்டிருப்பதற்கு இது அடிக்கடி காரணம். எல்லையை 0.4 பிக்ஸலுக்குக் கொண்டுவாருங்கள். டிதர் அளவும் அப்படித்தான்: 5 கைடு பிக்ஸல் என்பது 16-க்கும் மேற்பட்ட முதன்மைப் பிக்ஸல், தேவைக்கு மிக அதிகம். 2 போதும்.

பிஹெச்டி2-வில் கேமராவை ஆஸ்காமிலிருந்து நேரடி இணைப்புக்கு மாற்றினாலோ, டிரைவர் மாறியதாலோ, பிட் ஆழம் 8-லிருந்து 16-ஆகவோ திரும்பவோ மாறியிருக்கலாம். 8 பிட்டில் வெளிச்சத்தின் உச்சம் 255, 16 பிட்டில் 65535. பிக்ஸல் நிறைந்துவிட்டதாகக் கொள்ளும் செறிவு எல்லையைப் பழைய எண்ணிலேயே விட்டால் பிஹெச்டி2 பொருத்தமில்லாத விண்மீனைத் தேர்ந்தெடுக்கும். டார்க் நூலகத்தையும் பழுதான பிக்ஸல் வரைபடத்தையும் புதிதாக எடுங்கள். கைடு கேமராவில் குளிரூட்டல் இல்லாததால் வெயில் மாதத்தில் எடுத்ததை மார்கழியில் வைத்திருப்பதும் சரியில்லை. மூடியைப் போட்டு, படமெடுக்கும் இரவின் வெப்பத்திலேயே எடுப்பது நல்லது.

பழைய கேலிப்ரேஷனை (திருத்தத்துக்கு மவுண்ட் எந்தத் திசையில், எவ்வளவு நகர்கிறது என்ற அளவீடு) கட்டாயம் அழித்துவிடுங்கள். டிரைவர் படத்தைத் தலைகீழாக்கியிருந்தால், பழைய கேலிப்ரேஷனோடு தொடங்கும்போது ஓர் அச்சில் திருத்தம் எதிர்த்திசையில் போகும். ஒவ்வொரு பல்ஸும் (மவுண்டுக்குப் போகும் குறுகிய திருத்தக் கட்டளை) பிழையைக் கூட்டும், விண்மீன் கட்டத்தைவிட்டு ஓடிவிடும். மவுண்ட் கெட்டுவிட்டது என்று பயப்பட வைக்கும் காட்சி அது.

வானம் திறக்கும் முதல் இரவில் விண்பொருள் எதையும் எடுக்காமல் கேலிப்ரேஷனுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வான நடுவரைக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) 20 பாகைக்குள், உச்சிக்கோட்டுக்கு (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோடு) அருகில் உள்ள விண்மீன் வேண்டும். சென்னையின் அட்சரேகை 13 பாகை என்பதால் அந்த இடம் தலைக்கு மேலிருந்து 13 பாகை தெற்கே, ஏறத்தாழ உச்சியிலேயே கிடைக்கிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு வாய்க்காத வசதி அது. ஜனவரி நடுவில் இரவு 10 மணிக்கு ஓரியனின் இடுப்புப் பட்டை உச்சிக்கோட்டில் நிற்கும். மே நடுவில் அதே நேரத்தில் சித்திரை, ஆகஸ்ட் நடுவில் திருவோணம்.

பல்ஸ் நீளத்துக்கும் கணக்குப் போடலாம். கைடு வேகம் விண்மீன் வேகத்தில் பாதி என்றால் நொடிக்கு 7.5 விகலை. 25 பிக்ஸல் நகர 161 விகலை வேண்டும், அதற்கு 21.5 விநாடி. 12 அடிகளில் முடிய ஓரடிக்கு 1800 மில்லிவிநாடி. பிஹெச்டி2-வின் கணிப்பான் இதையே தரும். ஆனால் அதில் இருக்கும் குவியத் தூரமும் பிக்ஸல் அளவும் அப்டேட்டுக்குப் பின் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 அடி எதிர்பார்த்து 4 அடியிலேயே முடிந்தால் மவுண்ட் டிரைவரில் கைடு வேகம் மாறியிருக்கிறது. 40 அடி போனால் அது குறைந்திருக்கிறது, அல்லது பின்னிங் (பல பிக்ஸல்களை ஒன்றாகச் சேர்ப்பது) மாறியிருக்கிறது.

மவுண்ட் டிரைவரைப் புதுப்பித்திருந்தால் இன்னொன்றும் மிச்சம். உச்சிக்கோட்டைத் தாண்டி மவுண்ட் மறுபக்கத்துக்குப் புரண்டபின் டெக்ளினேஷன் (வடக்கு-தெற்கு) திசையைத் தானே திருப்பிக்கொள்ளும் மவுண்டுகள் உண்டு, திருப்பாதவையும் உண்டு. டிரைவரின் புதிய பதிப்பில் அந்த நடத்தை மாறினால் நள்ளிரவுவரை அழகாக ஓடிய கைடிங் புரளலுக்குப் பின் டெக்ளினேஷனில் ஓடிப்போகும். பிஹெச்டி2-விலேயே மெரிடியன் ஃபிளிப் கேலிப்ரேஷன் கருவி இருக்கிறது. அதை ஒரு முறை ஓட்டினால் டெக்ளினேஷனைத் திருப்பும் தேர்வில் டிக் வேண்டுமா வேண்டாமா என்று அதுவே சொல்லும். அதன்பின் கைடிங் அசிஸ்டண்டை 10 நிமிடம் ஓடவிட்டு, அது சொல்லும் குறைந்தபட்ச நகர்வு மதிப்புகளை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய லாக்கில் உள்ள மொத்தப் பிழையை விகலையில் ஒப்பிடுங்கள். பிக்ஸலில் ஒப்பிட்டால் பின்னிங் மாறியிருக்கும்போது ஏமாறுவோம்.

லினக்ஸில்

ராஸ்பெர்ரி பை எனும் சிறு கணினியில் இண்டி (லினக்ஸில் ஆஸ்காமின் இடத்தில் இருப்பது), ஈகோஸ் (படமெடுக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு அடுக்குகள் வேறு, கவலை அதேதான். இண்டி சர்வரும் டிரைவர்களும் ஒரே வெளியீட்டிலிருந்து வர வேண்டும்; ஒன்றை மட்டும் ஏற்றினால் டிரைவர் தொடங்கியவுடன் விழும். முழு அப்டேட்டுக்கு முன் மெமரி கார்டை அப்படியே நகலெடுத்து, புதியதை வேறு கார்டில் சோதிப்பது மிக வசதியான வழி. பிடிக்காவிட்டால் பழைய கார்டைச் செருகினால் போதும். பெரிய சென்சார் உள்ள கேமரா பாதிப் படத்தோடு நின்றால் கர்னலின் யூஎஸ்பி நினைவக எல்லையைப் பாருங்கள். இயல்பில் அது 16 எம்பி, இந்தக் கேமராக்களுக்கு 200 வேண்டும். கேமராவை லினக்ஸ் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதிக்கோப்பு அதை உயர்த்தியிருக்கும். அந்த விதிக்கோப்பு அப்டேட்டில் அழிந்தால் எண் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

திரும்பி வருவது

இவற்றில் ஒன்று தவறி, ஒரு மாலைக்குள் காரணம் பிடிபடவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். புதியதை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகே பழையதை நிறுவ வேண்டும். மேலேயே எழுதினால் புதிய டிஎல்எல் கோப்பு அங்கேயே தங்கிவிடலாம். திரும்புவதற்கு முன் நினாவின் லாக், பிஹெச்டி2-வின் கைடு லாக், டீபக் லாக் இரண்டும், ஆவணங்கள் அடைவில் உள்ள ஆஸ்காம் லாக் ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு ஜிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நிரலை எழுதியவர்களுக்குப் பிழையைச் சொல்லும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பிஹெச்டி2-வும் நினாவும் திறமூல மென்பொருள்கள். தன்னார்வலர்கள் சொந்த நேரத்தில் பராமரிப்பவை. எந்தப் பதிப்பு, எந்தக் கேமரா, எந்த நிமிடத்தில் நடந்தது என்ற மூன்றும் லாக்கோடு போனால் அவர்களுடைய பல மணி நேரத்தை நாம் மிச்சப்படுத்துகிறோம்.

எல்லாம் சரியாக ஓடினால், பழைய மாஸ்டர் டார்க், மாஸ்டர் பயாஸ் இருக்கும் அடைவின் பெயரில் பழைய டிரைவர் பதிப்பு எண்ணைச் சேர்த்து ஒதுக்கி வையுங்கள். அழிக்க வேண்டாம். போன பருவத்தில் எடுத்த படங்களுக்கு அவைதான் பொருந்தும். புதிய பதிப்பு எண்ணோடு புதிய அடைவு ஒன்றைத் தொடங்கி, 0 பாகையில் 300 விநாடி டார்க் 30 எடுங்கள். இரண்டரை மணி நேரம் ஆகும். மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு இரவு அதற்குப் போதும்.